“தண்ணி ஆறுதான் இருக்கு” என்று எழுதியவருக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இரண்டொரு விவரங்களையும் நான் மாற்றியிருக்கிறேன்.

வயது 29. இரண்டாவது பிரசவம். எழுதும்போது 36 வாரமும் நான்கு நாளும் ஆகியிருந்தது. கணவர் செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டுகிறார், இவருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. 35ஆம் வாரம் அரசாங்க கிளினிக்கில் ஸ்கேன் செய்து, பனிக்குடநீர் அளவு 9 என்று கர்ப்பிணிகளுக்கான பிங்க் புத்தகத்தில் எழுதினார்கள். பிள்ளையின் முகத்தைத் தெளிவாகப் பார்க்கலாமே என்று அடுத்த வாரம் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். அங்கே, “தண்ணி ஆறுதான் இருக்கு, 37 வாரத்தில் வலி வரவழைத்து எடுத்துவிடுவது நல்லது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று முதல் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மாமியார் தினமும் மூன்று இளநீர் வெட்டிக் கொடுக்கிறார். தண்ணி வற்றினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்கிறார். ஷிஃப்ட் வேலையில் தண்ணீரே குடிக்காமல் இருந்ததுதான் காரணம் என்பது நாத்தனார் கட்சி. மூத்த பெண் பிறந்தபோது மஞ்சள்காமாலை வந்து நான்கு நாள் நீல விளக்கில் கிடந்தாள்; அதுவும் தண்ணி குறைந்ததால்தானோ, இந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆகுமோ என்பது இவருடைய பயம்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், இரண்டு வரி. ஒன்று: “இப்போதெல்லாம் உள்ளாடை அடிக்கடி ஈரமாகிறது, மாதம் ஏறிவிட்டதால் சிறுநீர் அடங்கவில்லை போலிருக்கிறது.” இன்னொன்று: “இடுப்பு வலிக்கு வீட்டில் இருந்த போன்ஸ்தான் மாத்திரையைப் பத்து நாளாகப் போடுகிறேன்.”

அம்மா, மூன்று பக்கம் முழுக்க ஆறு என்ற எண்ணைப் பற்றியே எழுதியிருந்தீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த இரண்டு வரிதான். அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே நீங்கள் கொடுத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, மாத்திரையை நிறுத்துங்கள், பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இன்றே மகப்பேறு பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். போனீர்கள். கருவி வைத்துப் பார்த்ததில் பனிக்குடம் உடையவில்லை, வந்தது சிறுநீர்தான் என்று தெரிந்தது. பிள்ளையின் இதயத்துடிப்பும் வளர்ச்சியும் நன்றாக இருக்கின்றன, ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். “நான் நினைத்தது சரிதானே டாக்டர், வீணாக அலைந்துவிட்டேனோ?” என்று மறுநாள் கேட்டீர்கள். நீங்கள் நினைத்தது சரிதான். ஆனால் அலைந்தது வீண் இல்லை. உங்கள் அனுமதியோடு அதை இங்கே எல்லோருக்கும் சேர்த்து விளக்குகிறேன்.

ஈரம் எதனால் என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது

பனிக்குடம் உடைவது என்றால் சினிமாவில் வருவது மாதிரி தரையெல்லாம் தண்ணீர் கொட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல பேருக்கு அப்படி இல்லை. மேல்பக்கம் ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் இருமும்போதும் படுத்து எழும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இதே சமயத்தில் சிறுநீரும் அப்படித்தான் கசியும், வெள்ளைப்படுதலும் கூடும். சிறுநீருக்கு அதன் வாடை இருக்கும். பனிக்குடநீருக்கு அந்த வாடை இருக்காது, நிறமும் அனேகமாக இருக்காது. ஆனாலும் முகர்ந்து பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். சுத்தமான பேட் ஒன்றை வைத்து அரைமணி நேரம் படுத்திருந்து, எழுந்து இருமிப் பாருங்கள். நனைந்திருந்தால் அந்தப் பேடோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், கெட்ட வாடை வீசினாலும் அந்த அரைமணியும் காத்திருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், குடம் உடைந்துவிட்டால் உள்ளே கிருமி போகும் பாதை திறந்துவிடுகிறது. மாதம் நிறைந்து குடம் உடையும் தாய்மார்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாகவே வலி வந்துவிடும். பிறக்கும் பிள்ளைக்குக் கடுமையான கிருமித்தொற்று வரும் வாய்ப்பு, குடம் உடையாதவர்களுக்கு இருநூறில் ஒன்று என்றால் இவர்களுக்கு நூறில் ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன, ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக்கூடிய விஷயம் இல்லை. 37 வாரத்துக்கு முன்பே உடைந்தால் கணக்கே வேறு: ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, காத்திருப்பதா எடுப்பதா என்று தினமும் யோசிப்பார்கள்.

அந்த மாத்திரை

போன்ஸ்தான், புருஃபென், வோல்ட்டரன் எல்லாம் ஒரே குடும்பம். பனிக்குடநீரில் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீர்தான். (முகத்தைச் சுளிக்காதீர்கள், அதில் அசிங்கம் ஒன்றுமில்லை, கழிவையெல்லாம் நஞ்சு (நஞ்சுக்கொடி) வழியாக உங்கள் உடம்புதான் வெளியேற்றுகிறது.) பிள்ளை அந்த நீரையே விழுங்குகிறது, மறுபடி கழிக்கிறது, கடைசி மாதங்களில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் இப்படிச் சுற்றிவருகிறது. இந்த மாத்திரைகள் பிள்ளையின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், சிறுநீர் குறையும், குடத்தில் நீர் இறங்கும். 20 வாரத்துக்குப் பிறகு கர்ப்பிணிகள் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. 30 வாரம் தாண்டினால் இன்னொரு ஆபத்தும் உண்டு: பிள்ளை பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு ரத்தக்குழாய், வயிற்றுக்குள்ளேயே சுருங்கத் தொடங்கலாம்.

உங்கள் நீர் 9இலிருந்து 6க்கு இறங்கியதற்கு இந்த மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் பங்கு இருக்கலாம். நிறுத்தினால் சில நாட்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். இடுப்பு வலிக்குப் பனடோல் போதும், அதையும் அளவோடு. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் போடுபவர்கள், இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. அது வேறு விஷயம்.

ஒன்பது, ஆறு: இது என்ன கணக்கு?

வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பிள்ளையின் கை காலோ கொடியோ குறுக்கே வராத நீர்க்குட்டை எங்கே ஆழமாக இருக்கிறது என்று பார்த்து, நான்கு ஆழத்தையும் சென்டிமீட்டரில் கூட்டுவார்கள். 1987இல் வந்த முறை இது. 5க்குக் கீழே என்றால் குறைவு, 25ஐ எட்டினால் அதிகம். அதாவது உங்கள் 6 குறைவே இல்லை, அம்மா. குறைவின் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, 34, 35ஆம் வாரத்தில் நீர் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் மெல்ல இறங்குவது இயற்கை. இரண்டு இடத்தில், இரண்டு மெஷினில், இரண்டு பேர் அளந்திருக்கிறார்கள். கருவியைக் கொஞ்சம் அழுத்தினாலோ, பிள்ளை புரண்டு படுத்தாலோ எண் மாறும். இதனால்தான் இப்போது பலர் நான்கையும் கூட்டாமல், மிக ஆழமான ஒரே குட்டையை மட்டும் அளக்கிறார்கள். அது 2 சென்டிமீட்டருக்குக் குறைந்தால்தான் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. நான்கையும் கூட்டியபோது நூற்றுக்குப் பத்துப் பேருக்கு ‘நீர் குறைவு’ என்று வந்தது; ஒற்றைக் குட்டையை அளந்தபோது நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் வந்தது. முதல் கூட்டத்தில் அதிகம் பேருக்கு வலி வரவழைத்தார்கள். பிறந்த பிள்ளைகளின் நிலையில் அதனால் முன்னேற்றம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் உங்களுக்கு அளந்த ஒற்றைக் குட்டை 3 சென்டிமீட்டர் என்று சொன்னீர்கள். அது போதும்.

இதில் எங்கள் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஒரு தாயிடம் நானே “ஆயர் கெத்துபான் (பனிக்குடநீர்) கொஞ்சம் குறைவு” என்று பாதி வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். ஐந்து நாள் அவர் தூங்கவில்லை என்பது அடுத்த முறை அவருடைய அம்மா என்னைத் திட்டியபோதுதான் தெரிந்தது. அவருடைய அளவு 7.

சரி, நீர் உண்மையிலேயே குறைந்தால் நாங்கள் ஏன் கவலைப்படுகிறோம்? பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்பதால் இல்லை. பிள்ளை அந்த நீரிலிருந்து சுவாசிப்பதில்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாகத்தான் போகிறது. உங்கள் மாமியார் சொன்னதில் ஓரளவு உண்மை எங்கே என்றால், நீர் மிகவும் குறைந்தால் வலி எடுக்கும்போது கொடி நசுங்கலாம். நுரையீரல் வளராமல் போகும் என்று படித்திருப்பீர்கள். அது நாலு, ஐந்து மாதத்திலேயே நீர் வற்றிப்போகும் பிள்ளைகளுக்கு. 36 வாரத்தில் அந்தப் பயம் வேண்டாம். எங்களுக்கு முக்கியம், நீர் குறைவதற்குப் பின்னால் இருப்பது என்ன என்பதுதான். நஞ்சு சரியாக வேலை செய்யாவிட்டால், பிள்ளை கெட்டிக்காரத்தனமாக ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டுச் சிறுநீரகத்துக்குக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் நீரோடு சேர்த்துப் பிள்ளையின் எடையையும், கொடியில் ரத்த ஓட்டத்தையும், உங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறோம். இவை மூன்றும் நன்றாக இருந்தால் 6 என்ற எண் தனியாக நின்று பயமுறுத்த முடியாது.

நீர் அதிகமானாலும் பிரச்சினைதான். இனிப்புநீர் உள்ள தாய்மார்களுக்கு அது வருவது சகஜம். உங்களுக்கு இனிப்பு நீர்ப் பரிசோதனை சரியாக இருந்திருக்கிறது, அதனால் இங்கே நீட்டவில்லை.

இளநீர்

உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் தாய், ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தால் பனிக்குடநீர் ஓரளவு ஏறும். இது ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். தொழிற்சாலை வெக்கையில், கழிப்பறைக்குப் போக பிரேக் கிடைக்காது என்று குடிக்காமல் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். அந்த அளவில் நாத்தனார் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் ஏற வைப்பது தண்ணீர்தான், தேங்காய் இல்லை. பச்சைத்தண்ணீர், பார்லி, இளநீர் எல்லாம் ஒன்றுதான். சர்க்கரை போடாத பார்லியாக இருக்கட்டும். அன்போடு வெட்டிக் கொடுப்பதை ஒரு இளநீராகக் குறைத்துக் குடியுங்கள், மீதிக்குச் சாதாரணத் தண்ணீர். பனிக்குடம் கசிந்தாலோ நஞ்சு பலவீனமாக இருந்தாலோ எத்தனை இளநீர் குடித்தாலும் ஓட்டைக்குடத்தில் ஊற்றுவது போலத்தான்.

37இல் எடுக்கலாமா?

ஒற்றைக் குட்டை 2 சென்டிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், வேறு கோளாறு இல்லாவிட்டாலும் 36, 37 வாரத்தில் எடுத்துவிடுவது நல்லது என்று நானும் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்த நிலை இல்லை. 37இல் பிறக்கும் பிள்ளை 39இல் பிறக்கும் பிள்ளையைவிட மூச்சுத்திணறலுக்கும், பால் குடிக்கச் சோம்பல்படுவதற்கும், மஞ்சள்காமாலைக்கும் கொஞ்சம் அதிகமாகவே ஆளாகும். எந்தக் காமாலைக்குப் பயந்தீர்களோ, அதை நாமே வலியப்போய்க் கூப்பிட வேண்டாம்.

அடுத்த ஸ்கேனில் நீர் இறங்கியிருந்து, வலி வரவழைக்கலாம் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: பெரிய குட்டையின் ஆழம் எவ்வளவு? பிள்ளையின் எடை வாரத்துக்கு ஏற்ற மாதிரி இருக்கிறதா? இரண்டு நாள் காத்திருந்தால் என்ன ஆபத்து? சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, மிஸ்ஸி (நர்ஸ்) முகம் சுளித்தாலும். வலி வரவழைப்பது என்றால் உடனே கத்தி என்று அர்த்தம் இல்லை. கர்ப்பப்பை வாயில் மாத்திரையோ பலூனோ வைத்து இளக்குவார்கள், ஒரு நாள் இரண்டு நாள்கூட ஆகலாம். ஏற்கெனவே சுகப்பிரசவம் ஆனவர் என்பதால் உங்களுக்கு அது எளிதாக நடக்கவே வாய்ப்பு அதிகம். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை, அசைவை எண்ணுவது. காலை 9 மணிக்குத் தொடங்கி இரவு 9க்குள் பத்து அசைவு என்று கிளினிக்கில் அட்டை கொடுத்திருப்பார்கள். பத்து வந்துவிட்டதே என்று சமாதானம் ஆகாமல், வழக்கத்தைவிடப் பிள்ளை அடங்கிக் கிடக்கிறது என்று மனதுக்குப் பட்டாலே கிளம்பிவிடுங்கள். இரவு 9 அடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஈப்போ பக்கம்தான், ஆனால் கணவர் இரவு லோடுக்குப் போகும் நாட்களில் யார் வண்டி எடுப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.

வேலை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே அதை எடுக்கலாம். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அது வேறு விடுப்பு, கடிதம் வாங்கி வையுங்கள். கணவர் அந்த முதலாளியிடம் ஒரு வருடமாவது வேலை செய்திருந்தால் அவருக்குச் சம்பளத்தோடு ஏழு நாள் உண்டு, முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூத்தவளின் காமாலை

அதற்கும் பனிக்குடநீருக்கும் சம்பந்தம் இல்லை. கொஞ்சம் முன்னதாகப் பிறப்பது, முதல் நாட்களில் பால் போதாமல் இருப்பது, தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாதது, ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருக்கும் ஜி6பிடி குறைபாடு, இவைதான் வழக்கமான காரணங்கள். இந்தக் குறைபாட்டுக்காக நம் நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குக் கொடி ரத்தத்திலேயே சோதனை செய்துவிடுகிறார்கள். மூத்தவளின் புத்தகத்தைத் திறந்து அந்த முடிவு என்ன என்று பாருங்கள். புத்தகத்தையே அடுத்த முறை கையோடு கொண்டுபோங்கள். அக்காளுக்குக் காமாலைக்கு விளக்கு வைத்தார்கள் என்றால் தம்பி தங்கைக்கும் வர வாய்ப்பு கூடுதல், அதனால் டாக்டரிடம் இதைச் சொல்வது அவசியம்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தட்டினால் அது எப்போதுமே சாதாரணம் இல்லை. அப்புறம் வரும் நாட்களில் மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்ப்பார். அதை நம்பி மட்டும் இருக்காமல், வெளிச்சத்தில் நீங்களும் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுங்கள். மஞ்சள் வயிற்றுக்குக் கீழே இறங்கினாலோ, பாலுக்கு எழுப்பினாலும் எழாவிட்டாலோ, மூச்சு நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டி வேகமாக ஓடினாலோ உடனே ஆஸ்பத்திரி. இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று கொட்டகை வாசலில் பிள்ளையைக் கிடத்துவது நம் தோட்டங்களில் பழைய பழக்கம். வெயில் விளக்குக்கு ஈடாகாது, பிள்ளை வாடிப்போவதுதான் மிச்சம்.

கடைசியாக, மூத்தவளின் பழைய துணிகளை இவனுக்கோ இவளுக்கோ எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அலமாரியில் அந்துருண்டை போட்டிருந்தால் முதல் வேலையாக அதைத் தூக்கி வீசுங்கள்; ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த வாசனையே ரத்த அணுக்களை உடைத்துக் காமாலையை ஏற்றிவிடும். துணிகளைத் துவைத்து, வாசனை அறவே போகும்வரை வெளியே காயவைக்க வேண்டும். இந்த மாதத்தில் நீங்கள் குனிந்து துவைக்க வேண்டாம். மாமியாரிடம் கொடுங்கள், மூன்று இளநீர் வெட்டும் நேரத்தில் இரண்டைக் குறைத்துவிட்டோமே.